மச்சான் வாங்கிய மிஷின்

யோகொத்தே,
10 பிப்ரவரி 1983

மதிப்புக்குரிய மச்சான் குனியாசு அவர்களுக்கு,

இங்கே கூரை விளிம்புவரை பனி. நாங்கள் இருவரும் சுகம். உங்கள் தங்கை கினுயோவின் இருமல் விட்டுவிட்டது. உங்கள் வயிற்றுவலி எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கச் சொன்னாள். நானும் கேட்கிறேன்.

தொலைபேசியில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும், அதனால் எழுதுகிறேன். போன மாதம் தலைமையகத்தின் விற்பனைத் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி நம் ரைஸ் குக்கர் நான்கு அளவு, மூன்று வகை மூடி, ஒன்பது நிறம். எந்த ஊர்க் கடைக்காரர் எதைக் கேட்டாலும் ஏழாவது நாள் அவர் கையில் இருக்க வேண்டுமாம். கஷ்டம்தான், செய்துவிடலாம் என்று ஆட்களை உட்காரவைத்துப் பேசினேன். நேற்று உங்கள் திட்டத் துறையிலிருந்து இன்னொரு சுற்றறிக்கை. ஏப்ரலில் பெரிய தானியங்கி பிரஸ் மிஷின் ஒன்று வருகிறது, நான்கு விநாடிக்கு ஒரு கிண்ணம் அடிக்கும், எங்கள் ஒன்பது பழைய பிரஸ்களுக்கும் அதோடு ஓய்வு என்று.

மிஷினின் விவரப் புத்தகத்தைப் புரட்டினேன். பதினேழாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. ஓர் அளவிலிருந்து இன்னோர் அளவுக்கு மாற, தகட்டைக் கிண்ணமாக அழுத்தும் டையைக் கழற்றி வேறு டை மாட்டப் பதினோரு மணி நேரம். எங்கள் பழைய பிரஸில் நாற்பது நிமிஷம். தினமும் நான்கு அளவும் வேண்டும் என்கிறது ஒரு சுற்றறிக்கை. ஒரே அளவை மாதக்கணக்கில் அடித்தால்தான் பிழைக்கும் மிஷினை வாங்குகிறது இன்னொன்று. இரண்டும் வந்தது ஒரே கட்டடத்தின் ஒரே மாடியிலிருந்து. விற்பனைக்கும் திட்டத்துக்கும் நடுவில் உங்கள் மாடியில் இருப்பது சுவரா, கடலா?

என்னை யாரும் கேட்கவில்லை. இந்த ஆலைக்கு நான் தலைவன் என்பது அங்கே யாருக்காவது நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
சேய்கிச்சி


தோக்கியோ,
24 பிப்ரவரி 1983

அன்பு மாப்பிள்ளை,

இங்கே பிளம் பூத்துவிட்டது. உங்கள் ஊருக்குள் வர வசந்தத்துக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை போலும். வயிறு பரவாயில்லை. கினுயோவை வெந்நீரே குடிக்கச் சொல்லுங்கள்.

பதினேழாம் பக்கம்வரை படித்ததற்குப் பாராட்டு. எங்கள் கூட்டத்தில் நடந்ததை உறவுக்காரனாக உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நிதி இயக்குநர் கேட்டார், “யோகொத்தே ஆளுங்களைக் கேட்டீங்களா குனியாசு?”

“கேட்டா முடியாதுன்னுதான் சார் சொல்வாங்க. கரண்ட்டு வந்தப்பவும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க.”

மேசை முழுக்கச் சிரித்தது. மிஷின் வாங்குவது அந்தச் சிரிப்போடு முடிவாயிற்று. தலைமையகத்தில் உங்களைப் பற்றி என்ன எண்ணம் என்பது இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கம்பெனி எங்கே போகவேண்டும் என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வண்டியைத் தள்ளுவது உங்கள் வேலை. தள்ளுகிறவர் வரைபடம் கேட்டுக்கொண்டிருந்தால் வண்டி நகராது. ஒன்பது பழைய பிரஸ்களையும் ஏப்ரல் முடிவதற்குள் உடைசல் இரும்பாகப் போட்டுவிட்டு எழுத்தில் தெரிவிக்கவும்.

வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போங்கள். குளிர் ஏறினால் உங்களுக்கு ஜலதோஷம் பிடிக்கும்.
குனியாசு


யோகொத்தே,
29 ஏப்ரல் 1983

மச்சான் அவர்களுக்கு,

செர்ரிப் பூ நேற்றுத்தான் விரிந்தது. எல்லோரும் நலம். இரண்டு மாதம் எழுதவில்லை, வேலை.

மிஷின் வந்தது. வாசல் போதவில்லை, தெற்குச் சுவரை இடித்து உள்ளே இறக்கினோம். கோயில் பூசாரி வந்து அதற்கு மந்திரம் சொன்னார். உங்கள் தந்தியை வாசித்தோம். நீங்கள் வரவில்லை, வருவீர்கள் என்று யாரும் நினைக்கவும் இல்லை.

முதல் டை மாற்றத்தைப் பிரஸ் பகுதிக்குப் பொறுப்பான ஒனோதெரா அம்மாள் பார்த்துக்கொண்டே நின்றார். பத்து மணி நேரம் ஆனபோது என்னிடம் வந்தார். “சார், இதை வாங்கினவரு வீட்ல தினமும் ஒரே குழம்புதான் போல.”

நான் சிரிக்கவில்லை. அவர் பேசியது என் மனைவியின் அண்ணனைப் பற்றி அல்லவா?

பழைய பிரஸ்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆலைக் கட்டடத்தில் இப்போது அவை இல்லை. இதை எழுத்தில் தெரிவித்ததாக எடுத்துக்கொள்ளலாம்.

வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதையே சாப்பிடுங்கள்.
சேய்கிச்சி


தோக்கியோ,
8 ஜூன் 1983

அன்பு மாப்பிள்ளை,

மழைக்காலம் தொடங்கிவிட்டது, மற்றபடி இங்கே சௌக்கியம். வயிற்றுவலி சுத்தமாக இல்லை. உங்கள் மே மாத அறிக்கையைப் பார்த்த நாளிலிருந்து இல்லை.

நான்கு அளவும் ஒன்பது நிறமும் ஏழே நாளில் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன, ஒன்றுகூடத் தவறவில்லை. ‘உற்பத்தி அனைத்தும் புதிய மிஷின்’ என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. பிப்ரவரியில் சுவரா கடலா என்று கேட்டவர் நீங்கள்தானே? நான் அதைக் குத்திக்காட்டப் போவதில்லை. டை மாற்றும் நேரத்தை எப்படிக் குறைத்தீர்கள் என்றும் கேட்கப் போவதில்லை. மிரட்டினால் உங்கள் ஆட்கள் வேகமாகவும் வேலை செய்வார்கள் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

இயக்குநர்களிடம் காட்ட மிஷினின் புகைப்படம் ஒன்று வேண்டும். உங்கள் ஆட்கள் யாரும் அதில் விழாமல் எடுங்கள்.

கினுயோவுக்கு என் அன்பு.
குனியாசு


யோகொத்தே,
30 ஜூன் 1983

மச்சான் அவர்களுக்கு,

சுகம். வயிற்றுவலி போனது கேட்டு மகிழ்ச்சி.

புகைப்படம் இணைத்திருக்கிறேன். மிஷின் பளபளப்பாக இருக்கிறது. தினமும் இரண்டு பேர் துடைக்கிறார்கள். முடிந்தால் ஒருமுறை நேரில் வந்து பாருங்கள். ஒரு நாள் போதும்.

டை மாற்றுவதைப் பற்றி நீங்கள் கேட்கப் போவதில்லை என்று எழுதியதால் நானும் சொல்லவில்லை.

சேய்கிச்சி


யோகொத்தே,
21 ஆகஸ்ட் 1983

அண்ணா,

நலமாக இருக்கிறாயா? அப்பா அம்மாவுக்கு விளக்கேற்றும் ஓபோன் நாளுக்காவது வருவாய் என்று உனக்கும் சேர்த்துச் சமைத்தேன். நீ அனுப்பிய பழக்கூடை வந்தது. அப்பா அம்மா படத்துக்கு முன்னால் வைத்தேன்.

நீங்கள் இரண்டு பேரும் எழுதிக்கொள்ளும் கடிதங்களை நான் படிக்கிறேன். எல்லாவற்றிலும் சுகமா சுகமா என்று ஆரம்பித்து, உள்ளே ஒருவர் மேல் ஒருவர் துப்பிக்கொள்கிறீர்கள். படித்தவர்கள் இப்படித்தான் சண்டை போடுவார்கள் போலிருக்கிறது. மீன் சந்தையில் இதைவிட மரியாதையாகப் பேசுகிறார்கள்.

வேறொன்று சொல்ல வேண்டும். இவர் வீட்டுக்கு வரும்போது சட்டையில் ஊறுகாய் வாசம் அடிக்கிறது. குக்கர் ஆலையில் முள்ளங்கி ஊறுகாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

“உங்க அண்ணனுக்கு மூக்கு இருந்தா தோக்கியோவுக்கே வாசம் வரும்” என்றார், சிரித்துக்கொண்டு.

இந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை அண்ணா. வந்து பார். நீ கேட்டால் சொல்லிவிடுவார் என்று நினைக்கிறேன். நீ கேட்கவேண்டும் என்றுதான் காத்துக்கொண்டிருக்கிறார்.

கினுயோ


தோக்கியோ,
20 செப்டம்பர் 1983

அன்பு மாப்பிள்ளை,

வெயில் தணிந்துவிட்டது. எல்லோரும் நலம்தானே? கினுயோ ஏதோ ஊறுகாயைப் பற்றி எழுதியிருந்தாள். அவளுக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது, எங்கேயாவது அழைத்துப் போய்வாருங்கள்.

நல்ல செய்தி. இந்த மாதம் முதல் திட்டத் துறைக்கு நான் தலைமை. இன்னும் நல்ல செய்தி, உங்கள் ஐந்து மாதப் புள்ளிவிவரத்தை வைத்து நம் தெற்கு ஆலைக்கு, சுயாமாவுக்கு, இதே போல இரண்டு மிஷின்கள் வாங்க முடிவு செய்திருக்கிறோம். டிசம்பரில் வந்து இறங்கும். அங்கே பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்த அறுபத்திரண்டு பேரை ஆகஸ்ட் கடைசியிலேயே வீட்டுக்கு அனுப்பியாயிற்று. யோகொத்தே காட்டிய வழி என்று கூட்டத்தில் உங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். பெருமைப்படலாம்.

நவம்பர் 15 இயக்குநர் கூட்டத்தில் நீங்கள் பத்து நிமிஷம் பேசவேண்டும். என்ன பேசுவது என்பதை நான் எழுதி அனுப்புகிறேன், நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

குனியாசு


யோகொத்தே,
26 செப்டம்பர் 1983

குனியாசு,

மிஷின் ஓடவில்லை.

ஐந்து மாதத்தில் அது ஓடியது பதினாறு நாள். அதிகம் விற்கும் ஓர் அளவை மட்டும் அதில் அடித்தோம். மீதி நாளெல்லாம் உறை போட்டு நின்றது. உங்கள் புகைப்படத்துக்காக உறையை எடுத்தோம், எடுத்து முடித்ததும் மூடினோம்.

ஒன்பது பிரஸ்களையும் நான் உடைக்கவில்லை. ஆலைக்குப் பின்னால் மூடிக்கிடந்த முள்ளங்கி ஊறுகாய்க் கிடங்கை வாடகைக்கு எடுத்து அங்கே நிறுத்தினேன். ஒனோதெரா அம்மாளும் இருபத்தாறு பேரும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். அறிக்கையில் அவர்கள் ‘மிஷின் உதவியாளர்கள்’. அந்தப் பதினாறு நாளில் அடித்தது போக, ஏழு நாளில் கடைக்குப் போன ஒவ்வொரு குக்கரும் அந்தக் கிடங்கிலிருந்து போனது. ‘உற்பத்தி அனைத்தும் புதிய மிஷின்’ என்று எழுதியது நான். அது பொய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பயந்து அல்ல. உங்களிடம் போய்ச் சொல்வதே கேவலம் என்று நினைத்தேன். புரியாதவர்களுக்கு எதற்கு விளக்கம், நம் வேலையை நாம் பார்ப்போம், அவர்கள் முட்டாளாகவே இருக்கட்டும் என்று இருந்தேன். உங்கள் கடிதங்களைக் கிடங்கில் உரக்க வாசித்துக் காட்டினேன். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஐந்து மாதம் அந்தச் சிரிப்பில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

உங்கள் கூட்டத்தின் சிரிப்பில் ஒரு மிஷின் வந்தது. என் கிடங்கின் சிரிப்பில் அறுபத்திரண்டு பேருக்கு வேலை போயிருக்கிறது.

அந்த இரண்டு மிஷின்களையும் நிறுத்துங்கள். சுயாமா ஆட்களைத் திரும்பக் கூப்பிடுங்கள். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

சேய்கிச்சி


தோக்கியோ,
4 நவம்பர் 1983

அன்பு மாப்பிள்ளை,

இலைகள் சிவந்துவிட்டன. நலம் என்று நம்புகிறேன். எனக்கு மறுபடி வயிறு சரியில்லை.

செப்டம்பர் கடைசியில் நீங்கள் ஏதும் எழுதியிருந்தால் அது எனக்கு வந்து சேரவில்லை. அஞ்சலில் தொலைந்திருக்கும். அது தொலைந்தே இருப்பது இருவருக்கும் நல்லது.

நவம்பர் 15 உரை இணைப்பில் இருக்கிறது. எழுத்துப் பிசகாமல் வாசிக்கவும்.

குனியாசு


உவேனோ, தோக்கியோ,
16 நவம்பர் 1983

கினு,

நான் நன்றாக இருக்கிறேன். நாளை மறுநாள் வீட்டில் இருப்பேன். நேரில் சொன்னால் பாதியை விட்டுவிடுவேன், அதனால் எழுதிவிடுகிறேன்.

கூட்டத்தில் பதினான்கு பேர். உன் அண்ணன் எழுதிக்கொடுத்த தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன்.

“மிஷின் நல்ல மிஷின் சார். ஒரே சைஸ்ல பத்தாயிரம் வேணும்னா இதுக்கு ஈடு கிடையாது. ஆனா நாம விக்கிறது அது இல்ல. கேட்டது ஏழு நாள்ல, கேட்ட சைஸ்லன்னு கடைக்காரங்களுக்கு வாக்குக் குடுத்துட்டோம். அந்த வாக்கை இந்த மிஷின் காப்பாத்தாது. காப்பாத்தினது நீங்க உடைக்கச் சொன்ன ஒன்பது பிரஸ்ஸு. நான் உடைக்கல. அறிக்கையில பொய் எழுதினேன்.”

கம்பெனித் தலைவர் விற்பனைத் துறைக்காரரைப் பார்த்தார். “ஏழு நாள்னு வாக்குக் குடுத்த நீங்களும், மிஷின் வாங்கின அவங்களும் ஒரு தடவையாவது ஒண்ணா உட்காந்தீங்களா?”

“இல்லீங்க சார். எங்க மீட்டிங் செவ்வாக்கிழமை. அவங்களுது வியாழக்கிழமை.”

கினு, இதை அவர் கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொன்னார். மழை பெய்தது என்பதைப் போல. இவ்வளவு பெரிய மேசை, இவ்வளவு நல்ல நாற்காலிகள், ஆளுக்கொரு பேனா. நம் கிடங்கில் மூடி அடிக்கிறவர், கிண்ணம் அடிக்கிறவரைக் கேட்காமல் ஒரு மூடி அடிக்க மாட்டார்.

“திட்டத் துறைக்கு இது தெரியுமா?” என்றார் தலைவர்.

கடிதம் வரவில்லை என்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எவ்வளவு ஏளனமாகச் சொல்லவேண்டும் என்றுகூட நினைத்து வைத்திருந்தேன். அதற்குள் உன் அண்ணன் எழுந்துவிட்டார்.

“தெரியும் சார். செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதியே கடிதம் வந்துடுச்சு.”

கோட்டின் உள்பையிலிருந்து அதை எடுத்து மேசையில் வைத்தார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. ஏழு வாரம் அதைக் கோட்டுப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார். பார்த்தபோது அவர் மேல் இருந்த வெறுப்பு கூடியதா குறைந்ததா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இரண்டு மிஷின்களும் நிறுத்தப்பட்டன. நம்முடையது, ஒரே அளவைக் கேட்கும் பள்ளிகளுக்கும் சமையற்கூடங்களுக்கும் மட்டும் ஓடும். பிரஸ்கள் ஆலைக்குள் திரும்புகின்றன. இனி விற்பனையும் திட்டமும் ஆலையும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒத்துக்கொள்ளாமல் மிஷினும் வாங்கக்கூடாது, விளம்பரமும் செய்யக்கூடாது.

நான் இனி ஆலைத் தலைவன் இல்லை. பிரஸ் பகுதியில் ஒனோதெரா அம்மாளுக்குக் கீழே வேலை. உன் அண்ணனைச் சுயாமாவுக்கு அனுப்புகிறார்கள். வேலை போனவர்களின் வீட்டுக்கு வீடு போய் அவரேதான் திரும்பக் கூப்பிட வேண்டும்.

கூட்டம் கலைந்தபோது படிக்கட்டில் என்னைத் தாண்டிப் போனார்.

சேய்கிச்சி


சுயாமா,
19 ஜனவரி 1984

மாப்பிள்ளை,

நீங்களும் கினுயோவும் சுகமா? எனக்கு இங்கே ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். கணப்பு புகைகிறது. சாப்பிடுவது எல்லாம் ஒத்துக்கொள்கிறது, ஏன் என்று தெரியவில்லை.

அறுபத்திரண்டு பேரில் நாற்பத்தேழு பேர் திரும்பிவிட்டார்கள். ஒன்பது பேருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. ஐந்து பேர் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார்கள். ஒரு வீட்டில் புல் முளைத்திருந்தது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் அங்கே கொஞ்ச நேரம் நின்றேன்.

மீதி ஒருவர், நன்பா அம்மாள். பத்தொன்பது வருஷம் பிரஸ் ஓட்டியவர். வாசலிலேயே நிறுத்தினார்.

“யாரு முடிவு பண்ணது?”

“நான்தாங்க.”

“அந்த மிஷினை நீங்க பாத்திருக்கீங்களா?”

“இல்லீங்க.”

“நான் ஓட்டின பிரஸ்ஸை?”

“இல்லீங்க.”

“என்னை?”

“இன்னிக்குத்தாங்க.”

கதவைச் சாத்திக்கொண்டார். அறைந்து சாத்தவில்லை, மெதுவாக இழுத்தார். நான் எத்தனையோ பேரைக் கூட்டத்திலும் கடிதத்திலும் வாயடைக்க வைத்திருக்கிறேன், உங்களையும் சேர்த்து. அவருக்கு நான்கு கேள்வி போதுமாயிருந்தது.

மறுநாள் திறக்கவில்லை. நேற்று மூன்றாவது முறை போனேன். உள்ளே இருந்தபடியே கேட்டார், “பொய்க்கணக்கு எழுதினவரு ஒருத்தர் இருக்காராமே, அவருக்கு வழி தெரியலையா?”

உங்களை வரச்சொல்லி இதை எழுதவில்லை. அவர் கேட்டதை எழுதினேன். நான் நாளையும் போவேன்.

குனியாசு


யோகொத்தே,
24 ஜனவரி 1984

மச்சான்,

கினுயோ சுகம். இந்த முறை வெந்நீர் குடிக்கச் சொல்லி உங்களுக்கு அவள் எழுதச் சொன்னாள்.

ஒனோதெரா அம்மாளிடம் இரண்டு நாள் விடுப்புக் கேட்டேன். எதற்கு என்றார், சொன்னேன். “அஞ்சு மாசம் நாங்களும் சேந்துதானே சிரிச்சோம், அதையும் சொல்லிருங்க” என்றார்.

சனிக்கிழமை காலை 9.10 வண்டியில் வந்து இறங்குகிறேன். ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள், எனக்கு வழி தெரியாது. அந்த வாசலில் நீங்கள் எந்த விளக்கத்தையும் ஆரம்பிக்க வேண்டாம். உங்களுக்கு அது கைவந்த கலை, எனக்குத் தெரியும். நானும் ஆரம்பிக்க மாட்டேன்.

கதவு திறந்தாலும் திறக்காவிட்டாலும் நிற்போம். அவர் பேசி முடிக்கட்டும்.

சேய்கிச்சி